அவருடைய மூக்குக்கண்ணாடி

இறால் பதனிடும் தொழிற்சாலையில் எனக்குக் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. கழுவி முடித்த மேசையைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து, குச்சியைக் கருவிக்குள் விட்டால் ஓர் எண் வரும். உயிருள்ள எதுவும் தன் சக்தியை ஏ.டி.பி. என்ற மூலக்கூறில்தான் சுமக்கிறது. அது மேசையில் மிச்சமிருந்தால் குச்சியிலுள்ள மருந்து மின்மினிபோல ஒளிரும். கருவி அந்த ஒளியை அளக்கும். எண் கூடினால் நான் கத்துவேன், மறுபடியும் கழுவுவார்கள். புத்தளம் களப்பின் உப்பு முழுக்க என் வாயில்தான் என்று அங்கே பேச்சு.

கணவர் மௌத்தான பின், நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடித்து வேலைக்குத் திரும்பினேன். ஒருநாள் அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கைப்பையில் வைத்துக் கொண்டுபோனேன். மையித்து வீட்டுக்கு வந்தவர்கள் மற்ற எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டார்கள். அலுமாரிக்குள் கிடந்ததால் இது மட்டும் தப்பியது. அவரில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக, எண் கூடி வரட்டும் என்று துஆ கேட்டபடி தேய்த்தேன்.

கூடத்தான் வந்தது. சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதேன்.

என்னோடு வேலை செய்பவள், பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தவள், எட்டிப் பார்த்தாள்.

"என்ன ராத்தா, இவ்வளவு ஊத்த? ஆர்ர கண்ணாடி?"

"எங்கட மனிசன்ட."

அவள் எண்ணை மறுபடியும் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அஞ்சு மாசமா ஏ.டி.பி. இப்பிடி நிக்காது ராத்தா. டி.என்.ஏ. எண்டா ஆளச் சொல்லும். இது ஆர்ர எண்டு சொல்லாது. ஆரோ புதுசாத் தொட்டிருக்காங்க."

"என்ட ஊட்டுல தொட ஆர் இருக்கா?" என்று எரிந்து விழுந்தேன்.

பஸ்ஸில் வரும்போதே விடை தெரிந்துவிட்டது. தினமும் மஃரிப் தொழுத பின், அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவருடைய கதிரைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவள் நான்தான். அவருடைய பவர் எனக்கு ஒத்துவராது; எல்லாம் கலங்கித் தெரியும். கருவி கண்டது என் வியர்வையை. அந்த வீட்டில் உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான்.

உயிர் போன பின்னும் டி.என்.ஏ. நெடுநாள் கிடக்குமாம். பிரேம் இடுக்கில் அவருடையது கொஞ்சம் இருக்கலாம். தேடிப் பார்க்க எங்களிடம் கருவி இல்லை. என்னுடையது அதை மூடிவிடக் கூடாது என்று கண்ணாடியை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இப்போதும் மஃரிபுக்குப் பிறகு அதே இடத்தில்தான் உட்காருகிறேன். அவருடைய கதிரையில் யாரும் இல்லை என்பது தெளிவாகத் தெரிகிறது.