வெளியிலிருந்து ஆதரவு

என் அப்பா தெய்வநாயகம் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பியூஸ் கட்டைகளை அச்சில் அழுத்தினார். ஷிப்ட் முடிந்தால் சங்க வேலை. இடதுசாரிச் சங்கம்.

2004-இல் டில்லியில் வந்த அரசுக்குச் சொந்தப் பெரும்பான்மை இல்லை. மக்களவையில் ஐந்நூற்று நாற்பத்து மூன்று பேர்; பாதிக்கு மேல் வேண்டும். இடதுசாரிகள் ஏறக்குறைய அறுபது பேர், மந்திரி பதவி வாங்காமல் வெளியே நின்று முட்டுக் கொடுத்தார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை.

"ஒரு நாற்காலி கேட்டமா பாரு!" என்பார்.

என் தாய்மாமன் மாணிக்கவேலின் கட்சி, அதே ஆட்சியில் ஒட்டிக்கொண்டு ஒரு மந்திரி பதவியும் வாங்கிய சின்னக் கட்சி.

"எங்காளு கார்ல செகப்பு லைட்டு சுத்துது, மாமா. உங்காளுக்கு சட்டையில மட்டுந்தான் செகப்பு" என்பார் அவர்.

2008 ஜூலையில் இடதுசாரிகள் ஆதரவை விலக்கினார்கள். நம்பிக்கை வாக்கெடுப்பு அன்று விடிகாலையில் அப்பா இறந்தார். சொல்லி வைத்திருந்தது ஒன்றுதான்: "சங்கக் கொடிய மேல போட்டு எடுங்க."

சாவு வீட்டில் டி.வி. ஓடாது. ஆண்கள் எல்லோரும் பக்கத்து வீட்டுத் தேவி அக்காவின் கூடத்தில் இருந்தார்கள். நாலு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. எழுந்தார்கள். அந்த நேரம் பார்த்து, ஓட்டுக்குக் கொடுத்த லஞ்சம் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் அவையில் பணக்கட்டுகளைத் தூக்கிக் காட்டினார்கள். இவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். அப்பாவின் வயிறு உப்பத் தொடங்கியிருந்தது. நான் இன்ஜினியர். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போடத் தெரியும்.

விதவையானவளுக்குப் பிறந்த வீட்டார் கோடிப் புடவை போர்த்திய பிறகே பிணத்தை எடுப்பது எங்கள் வழக்கம். மாமா ஒருவழியாக வந்தார். கோடி அக்குளில் இருந்தது. போர்த்தவில்லை.

"மொதல்ல அந்தக் கொடிய எடுங்க. எங்க ஆட்சியக் கவுக்கப் பாக்குறானுவோ. அவனுவோ கொடிகிட்ட நின்னு நான் கோடி போட்டா, கட்சியில என்னைய என்ன கேப்பாங்க?"

"அப்பா கடைசியா கேட்டது அது, மாமா."

"கேட்டவரு போயிட்டாரு. நான் போடலன்னா பொணம் எழும்பாது, தெரியுமில்ல?"

டில்லியில் அன்று இரண்டு சீட்டு வைத்திருந்தவனெல்லாம் பேசிய பேரம். இங்கே ஒரு புடவையை வைத்து.

கொடியைப் போர்த்தியவர் சங்கச் செயலாளர் கொளஞ்சிநாதன். அவரைப் பார்த்தேன்.

"குடும்ப விஷயம், தம்பி. நாங்க உள்ள பூந்து பேசக் கூடாது. நீங்க என்ன முடிவு எடுத்தாலும் எங்க ஆதரவு உண்டு."

அவர் காது பக்கத்து வீட்டு டி.வி.யில் இருந்தது. அப்பா ஆயுசெல்லாம் உழைத்தது இவர்களுக்கு.

மாமா குனிந்து கொடியின் முனையைப் பிடித்தார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"உன் கோடி எனக்கு வேணாம். எடுத்துக்கிட்டுப் போ."

"அக்கா, ஊரு சிரிக்கும்."

"இவ்ளோ நேரம் டி.வி. பாத்து சிரிச்சீங்கல்ல, இன்னுங் கொஞ்சம் சிரிங்க. தூக்குங்கடா!"

தூக்கினார்கள். கட்டியிருந்த பழைய புடவையோடு அம்மா தெருமுனை வரை வந்தாள். இருட்டுமுன் மணிமுத்தாற்றங்கரையில் அப்பாவைப் புதைத்தோம், கொடியோடு.

குளித்துவிட்டு வீடு வந்தபோது அரசு பிழைத்திருந்தது. கட்சி மாறி ஓட்டுப் போட்டவர்கள், வராமலே உதவியவர்கள், ஜெயிலிலிருந்து வந்து ஓட்டுப் போட்டவர்கள். மாண்புமிகு உறுப்பினர்கள். எங்கள் தெருவிலும் சரவெடி வெடித்தது.

தேவி அக்கா ஒரு துணிக்கடைப் பையோடு வந்தாள்.

"உங்க மாமா வெடி வாங்க ஓடுனாரு, தம்பி. இத டி.வி. மேலயே மறந்து வச்சிட்டாரு."

உள்ளே கோடிப் புடவை. அம்மா தொடவில்லை.

"அவன் மந்திரிக்கே போத்தச் சொல்லு" என்றாள்.