அக்கரை ஓடுதளம்

ஒரு முறை தவறிய விமானியை நம்புவதா, இன்னும் தவறாத விமானியை நம்புவதா? விமானி ஓட்வார் ஸ்டெய்ன்ஸ்விக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். முழுப் பதில் இன்னும் கிடைக்கவில்லை.

வட நார்வேயில் சிறு விமானம் பேருந்து மாதிரி ஊர் ஊராக நின்று போகும். ஓட்வார் ஹெஸ்ட்வோக் ஊர்க்காரர். கடற்கழிக்கு அக்கரையில் எங்கள் லௌவ்நெஸ்; அங்கே ஓடுதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி ஓடுதளம், பக்கத்தில் ஒரு தேவாலயம்.

ஜூன் மாதத்து மதியம் அது. எங்களுக்கு அன்று விமானம் கிடையாது. புல்வெட்டும் டிராக்டரை ஓடுதளத்தின் குறுக்கே ஓட்டி ஓரம் சேர்த்துவிட்டு வாஃபிள் தின்ன உட்கார்ந்தேன். மேகத்திலிருந்து ஒரு விமானம் வந்து அழகாக இறங்கியது.

முதலில் படியிறங்கியவள் போர்கில்ட் கிழவி, கையில் கேக்கோடு. பின்னாலேயே ஓட்வார்.

"ஹெஸ்ட்வோக்ல இறங்க வேண்டியது. தப்பு என்னோடது," என்றார் என்னிடம். பயணிகளிடம் முன்பே சொல்லியிருந்தார்.

"இந்த ஊர்ல கால் வைக்கமாட்டேன்னு என் தங்கச்சிகிட்ட சபதம் போட்டிருந்தேன், ஓட்வார். இப்ப அவளுக்கு யாரு பதில் சொல்றது?"

"என்னைக் கைகாட்டிவிடுங்க, போர்கில்ட்."

சண்டை போட்டுப் பிரிந்திருந்த தங்கை லௌவ்நெஸில்தான் இருந்தாள்; போர்கில்ட் அந்த வீட்டுக்கு நடந்தாள். கேக் ஹெஸ்ட்வோக் போய்ச் சேரவேயில்லை.

நான் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். "மேகத்து மேல பழியப் போடு. லைசென்ஸ் போச்சுன்னா இந்த வயசுல மீன் பிடிக்கவா போவே?"

"குன்வெய்க்குக்கும் அதே மேகம்தான்," என்று துணை விமானியைக் காட்டினார். "தேவாலயம் வேற பக்கம்ல இருக்கணும்னு கேட்டா. நான்தான் காதுல வாங்கல."

"இன்னும் சத்தமா கேட்டிருக்கணும்," என்றாள் குன்வெய்க்.

"நீ கேட்டது போதும்."

பிறகு அவர், சற்று முன்வரை ஓடுதளத்தின் நடுவே இருந்த என் டிராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி ஆறிப்போனது.

விசாரணையிலும் இதையேதான் சொன்னார். உண்மையைச் சொன்னதற்காக அவரைக் கொண்டாட மாட்டேன்; வேலை அதைக் கேட்டது. கோடை முழுக்க அவரைப் பறக்கவிடவில்லை. மறுபடி சோதித்து, குளிர்காலத்தில்தான் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் பக்கத்தில் இருப்பவரிடம், "என்னை விடு, உனக்கு என்ன தெரியுது?" என்று கேட்பாராம். பதில் வரும்வரை இறங்கமாட்டாராம். குன்வெய்க் சொன்னாள்.

பயணிகள் விடவில்லை. "ஓட்வார், இன்னைக்கு எந்த ஊரு?" என்பார்கள் படியேறும்போதே. அவர் சிரிக்காமல் தேவாலயம் எந்தப் பக்கம் என்று திரும்பிப் பார்த்துவிட்டு ஊர்ப்பெயரைச் சொல்வார். சிரிப்பு எங்களுக்குத்தான்.

ஓய்வு பெற்றபோது ஓட்வாருக்கு ஹெஸ்ட்வோக்கில் அப்பா விட்டுப்போன நல்ல வீடு இருந்தது. அதை விற்றுவிட்டு லௌவ்நெஸில், எங்கள் ஓடுதள வேலியோரம் ஒரு சின்ன வீட்டை வாங்கிக் குடிவந்தார். ஏன் என்று கேட்டேன்.

வேலிக்கு அப்பால் நின்ற என் டிராக்டரை ஒரு முறை பார்த்துவிட்டு, வாஃபிள் ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னார்.