நாலாவது ஆளுடைய பந்து

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது நாலு. ஐந்தாவது, தேயிலை மலையில் எனக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்த என் கூட்டாளியுடைய மகள். கூட்டாளி குளவி கொட்டிச் செத்தபோது அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது. அன்று சாயங்காலமே அதை என் காம்பராவுக்குத் தூக்கி வந்துவிட்டேன். அந்தப் பிள்ளை இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். அவளுடைய மகள்தான் நான் சொல்லச் சொல்ல இந்தக் கொப்பியில் எழுதுகிறாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டை வாசிப்பேன், அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலையிலிருந்து திரும்பி வரும்போது பேத்தி பஸ்ஸில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ஜெயிச்சிருந்தீங்களே அம்மாயி. அந்தப் பந்த ஏன் தொட்டீங்க?” அதற்குப் பதில் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். பதில் சொன்ன பிறகு அவள் என்னை அம்மாயி என்று கூப்பிடுவாளோ என்னவோ.

முதலில் தோட்டத்தில் என்னைப் பற்றி உள்ள பேச்சைச் சொல்ல வேண்டும். குளவி கலைந்து வந்த அன்று, நான் என் படங்கை அவிழ்த்துக் கூட்டாளி மேல் போர்த்திவிட்டு ஓடினேன் என்பது பேச்சு. படங்கு என்றால் குச்சி குத்தாமல், பனி நனைக்காமல் நாங்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற தடித்த சாக்கு. கோயில் திருவிழாவில் என்னை முன்னால் நிற்க வைப்பார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களுக்கு என்னைக் காட்டிச் சொல்வார்கள். நானும் தலை நிமிர்ந்துதான் நிற்பேன். முப்பத்திரண்டு வருசம் அப்படி நின்றேன்.

தோட்ட வேலையை விட்டு நின்ற பிறகு எனக்குச் சும்மா இருக்க வரவில்லை. தலவாக்கலை டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையைக் கூட்டித் துடைத்து, பத்து மணிக்கு எல்லோருக்கும் பிளேன்டீ போட்டுக் கொடுக்கப் போனேன். பாவித்த ஜப்பான் சாமான் இறக்கி விற்கிற கடை. ஒரு தடவை தையல் மெசின்களோடு சில கேம் மெசின்களும் இரண்டு பின்போல் மெசின்களும் வந்துவிட்டன. வாங்க ஆளில்லை. முதலாளி அவற்றை மேல்மாடியில் வைத்து, போர்டு போட்டு, ஆட்டக் கடையாக்கிவிட்டார்.

மழைக்காலத்தில் மேல்மாடி சுவரே வியர்க்கும். தினமும் ஓட்டாவிட்டால் மெசினுக்குள் ஈரம் ஏறிவிடும் என்று முதலாளி பயப்படுவார். காலையில் கூட்டி முடித்ததும் பின்போல் மெசினைப் போட்டு ஓர் ஆட்டம் ஆடிவிட்டு அணைக்கச் சொன்னார். அதுவும் என் வேலையானது. கம்பியை இழுத்து விட்டால் இரும்புப் பந்து மேலே ஓடும். விளக்குகளில் மோதிக் கீழே வரும். கீழே இரண்டு சின்னத் துடுப்புகள். பக்கத்துக்கொரு பொத்தான். விழவிடாமல் தட்டி மேலே அனுப்ப வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு மூன்று பந்து.

முதல் ஒரு மாதம் என் பந்து நிற்கவே இல்லை. கொழுந்து எடுக்கிற கை இரண்டும் ஒன்றாகப் போய் ஒன்றாக வரும். அந்தப் பழக்கத்தில் இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்துவேன். இரண்டு துடுப்பும் ஒன்றாக எழும்பினால் நடுவில் கதவைத் திறந்து விட்ட மாதிரி. பந்து நேராகப் போய்விடும். ஐம்பது வருசம் சேர்ந்தே வேலை செய்த கைகளைப் பிரிக்க ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. பிரிந்த பிறகு என் கையிலிருந்து பந்தை யாராலும் பிடுங்க முடியவில்லை.

பந்து வலது மூலை ஓட்டையில் விழுந்தால் மட்டும் வேறு கதை. பாட்டு நிற்கும். அடியில் ஒரு இரைச்சல் கிளம்பும். பிறகு மூன்று பந்து ஒன்றாக வெளியே வரும். அள்ளிக்கொள்ளலாம், அவ்வளவு புள்ளி. ஆனால் எனக்கு அந்த இரைச்சல் காதில் விழவில்லை, கழுத்தில் விழுந்தது. முதல் நாள் கை இரண்டையும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு படிக்கட்டு வரை ஓடிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது மெசின் அணைந்து கிடந்தது. அதற்குப் பிறகு அந்த மூலைப் பக்கம் பந்தை அனுப்பியதே இல்லை. காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைக்கும்போது என் முகம் தெரியும், பின்னால் சுவர் தெரியும். வெறும் சுவர்தான். ஆனாலும் ஒரு நாளாவது திரும்பிப் பார்க்காமல் வந்ததில்லை.

அந்தச் சத்தம் எதன் சத்தம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அது குளவிக் கூட்டம் இரைகிற சத்தம். அன்று கூடு கலைந்தபோது நானும் கூட்டாளியும் மேட்டு நிரையில் இருந்தோம். கூடையைப் போட்டுவிட்டு இறங்கினோம். அவள் கால் தடுக்கி விழுந்தாள். விழுந்தவள் என் படங்கைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு கையாலும். நான் இழுத்தேன், விடவில்லை. “அக்கா, விட்டுட்டுப் போகாதீங்க” என்றாள். நான் முடிச்சை அவிழ்த்தேன். படங்கு அவள் கையோடு நின்றது. நான் ஓடினேன்.

திரும்பி வந்தவர்கள் அவள் மேல் என் படங்கு கிடந்ததைப் பார்த்தார்கள். அவளேதான் இழுத்துப் போர்த்தியிருப்பாள். அவர்கள் நான் போர்த்தினேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அன்று எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் அவள் பிள்ளை என் மடியில் இருந்தது. பிறகு நாளாகிவிட்டது.

இந்த இடத்தில் பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். பேனாவை மூடி வைத்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். நான் கூப்பிடவில்லை. ரொம்ப நேரம் கழித்து வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், “சொல்லுங்க” என்றாள். அம்மாயி என்று சொல்லவில்லை. இதையும் எழுது என்றேன். எழுதியிருக்கிறாள்.

கடையில் நடந்த லீக் போட்டி விசயத்துக்கு வருகிறேன். முதலாளி ஞாயிறுதோறும் இரண்டு மணிக்கு லீக் வைத்தார். பத்துப் பன்னிரண்டு பேர், நாலு நாலு பேராக ஒரு மெசினில். காலையில் நான் ஆடுவதைப் பார்த்திருந்ததால் என்னையும் சேர்த்தார். திரீவீல் ஓட்டுகிற ஒருவன் இருந்தான், நாற்பது வயது இருக்கும், வாய் மட்டும் இருபது வயது வாய். முதல் வாரமே, “ஆச்சி, இது கொழுந்து மலையில்ல, பாத்து” என்றான்.

“மலையா இருந்தா நீ முத்தல் எலையத்தான் எடுத்திருப்ப தம்பி. கணக்கப்புள்ள கூடையோட கொட்டியிருப்பாரு.”

மேல்மாடி முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு அவன்தான் எனக்கு நாற்காலி எடுத்துப் போடுவான்.

வாரா வாரம் மூலை ஓட்டையைத் தொடாமலே ஆடினேன். மெதுவாக, ஒவ்வொரு புள்ளியாக. முதல் பந்தை இழுக்கும்போது வாய்க்குள் “பொலி” என்று சொல்வேன். மலையில் முதல் கொழுந்தைக் கூடையில் போடும்போது நாங்கள் சொல்கிற சொல் அது. கடைசி வாரத்துக்கு மூன்று பேர் மிஞ்சினோம். திரீவீல்காரன், போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஒரு சிங்களவன், நான். அந்தப் போன்காரன் என்னை ஆச்சி அம்மே என்றுதான் கூப்பிடுவான்.

மெசினைப் போடுகிறவள் நான் என்பதால் ஆட்களின் எண்ணிக்கையை அழுத்துகிறதும் நான்தான். ஓர் ஆளுக்கு ஒரு அழுத்து. மூன்று அழுத்த வேண்டியது. திரீவீல்காரன் முதல் பந்திலேயே பெரிய புள்ளி எடுத்தான். போன்காரன் ஆடினான். நான் ஆடினேன். என் பந்து விழுந்ததும் திரும்பத் திரீவீல்காரனுக்குப் போக வேண்டிய மெசின், நாலாவது ஆளைக் கூப்பிட்டது.

“ஆச்சி அம்மே, நாலு யாரு?” என்று போன்காரன் கேட்டான்.

நான் நாலு அழுத்தியிருக்கிறேன். வேண்டுமென்று அழுத்தவில்லை. மூன்றுவரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. விரல் எப்போது இன்னொரு தடவை போனது என்று ஞாபகம் இல்லை. நடுவில் ஓர் ஆளை எடுக்க முடியாது, அணைத்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும். திரீவீல்காரன் முதல் பந்துப் புள்ளியை விட மாட்டேன் என்றான், நியாயந்தான். முதலாளி முடிவு சொன்னார். நாலாவது ஆளுக்கு வருகிற பந்தைக் கம்பியை இழுத்து விட்டுவிட வேண்டும், பொத்தானை யாரும் தொடக்கூடாது, தொட்டவர் ஆட்டத்துக்கு வெளியே. சொல்லிவிட்டு அவரே இழுத்து விட்டார்.

பந்து தானாக ஓடியது. விளக்கில் மோதியது, திரும்பியது, இன்னொன்றில் மோதியது. கீழே வந்தது. துடுப்புகள் அசையாமல் இருந்தன. நடுவால் போய்விட்டது. எல்லோரும் பேசிக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் பந்து போன இடைவெளியைக் குனிந்து பார்த்தேன்.

எங்கள் மலையில் ஒரு முறை உண்டு. காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வராத ஆளுடைய நிரையை அப்படியே விட்டுப் போக மாட்டோம். இந்தப் பக்கத்தவள் பாதி எடுப்பாள், அந்தப் பக்கத்தவள் பாதி எடுப்பாள். கூட்டாளி செத்த மறு வாரம் கங்காணி அவள் நிரைக்கு ஆள் போடவில்லை. பாதியை நான்தான் எடுத்தேன். எடுக்கும்போது பக்கத்தில் கூடைக் கயிறு உரசுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் கேட்டது. வேலையை விட்டு நின்ற நாள் வரைக்கும் எந்த மலையில் நிரை பிடித்தாலும் கேட்டது.

இரண்டாவது சுற்றில் என் பந்து எதிலோ பட்டு அந்த மூலை ஓட்டையில் விழுந்துவிட்டது. இரைச்சல் வந்தது. ஓடவில்லை, ஆனால் கை இரண்டும் பொத்தானைவிட்டுக் கழுத்துக்குப் போய்விட்டன. மூன்று பந்தும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஆச்சிக்கு மெசின் கரண்ட் அடிக்குது என்று திரீவீல்காரன் சிரித்தான். அன்று என்னோடு வந்திருந்த பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. நாலாவது ஆளுடைய பந்து அந்தச் சுற்றில் நேராக விழுந்தது.

மூன்றாவது சுற்று. திரீவீல்காரன் அவசரப்பட்டான். போன்காரன் பரவாயில்லை. நான் ஆடினேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கை அப்படி ஒருநாளும் ஆடியதில்லை. பந்து விழுந்தபோது திரீவீல்காரனைவிட என் புள்ளி மேலே இருந்தது. பேத்தி என் தோளைக் கட்டிக்கொண்டாள். மிச்சம் ஒன்றுதான். நாலாவது ஆளுடைய கடைசிப் பந்து. அதை விட்டுவிட்டால் முடிந்தது.

முதலாளி கிட்டே வந்தார். நான் இழுத்து விடுகிறேன் என்றேன். சரி என்று விலகினார்.

இழுத்தேன். வாயில் “பொலி” என்று வந்தது. பந்து மேலே போய், மோதி, இடது பக்கமாக இறங்கி, துடுப்பை நோக்கி உருண்டு வந்தது. மெதுவாகத்தான் வந்தது. யோசிக்க நேரம் இருந்தது. பிறகு யோசிக்காமல் தொட்டேன் என்று சொல்லக்கூடாது, அது பொய். யோசித்துத்தான் தொட்டேன்.

“அம்மாயி, கைய எடுங்க” என்று பேத்தி கத்தினாள்.

எடுக்கவில்லை. தட்டினேன். மறுபடி வந்தது, மறுபடி தட்டினேன். பிறகு மூலை ஓட்டைக்கு நானே அனுப்பினேன். பாட்டு நின்றது. இரைச்சல் கிளம்பியது. கழுத்து முழுக்க ஊசி ஏறியது. விரல்கள் எழும்பப் பார்த்தன. பொத்தானோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மூன்று பந்தும் வந்தன. கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, பக்கத்தில் என்ன தெரிந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் கை விட்டுப் போகும். கடைசிப் பந்து விழுந்து விளக்கெல்லாம் அடங்கிய பிறகுதான் கையை எடுத்தேன்.

நாலாவது ஆளுடைய புள்ளி எங்கள் மூவரையும்விடக் குறைவுதான். ஆனால் வெறும் நிரையாக இல்லை.

முதலாளி தலையைச் சொறிந்தார். திரீவீல்காரன்தான் கடைசியில், “ஆச்சி, நீங்க வெளிய போயிட்டீங்க” என்றான். சந்தோசமாகச் சொல்லவில்லை. தெரியும் தம்பி என்றேன். கப் அவனுக்குப் போனது. மறுநாள் காலையில் வழக்கம்போலப் போய்க் கூட்டினேன், மெசினைப் போட்டேன். இரைச்சலுக்குக் கழுத்து இன்னும் சிலிர்க்கிறது. அது போகவில்லை. போகும் என்றும் நான் நினைக்கவில்லை.

பேத்தி எழுதி முடித்துவிட்டுக் கொப்பியின் பக்கங்களை முன்னுக்குத் திருப்பினாள். “இத அம்மாகிட்ட குடுக்கணுமா?” என்றாள்.

பொங்கலுக்கு அவள் அம்மா வருவாள். அதற்குத்தான் எழுதச் சொன்னேன். ஆனால் முதலில் நான் என் காதால் கேட்க வேண்டும்.

“மொதல்லருந்து வாசி கண்ணு. படங்கு வர்ற எடத்துல மெதுவா வாசி. எனக்காக எதையும் நல்லபடியா மாத்தி எழுதியிருந்தா அங்க தெரிஞ்சிரும்.”