மூலம் கேட்ட மருமகள்

அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பது அவள் வேலை. வீடு திரும்பினால் சம்பளமில்லாத இன்னொரு வேலை காத்திருக்கும். முகம் பார்த்திராத நண்பர்கள் பலர் சேர்ந்து உருவாக்கும் கட்டற்ற மென்பொருள் தொகுப்பு ஒன்றில், ஒவ்வொரு நிரலையும் அதை எழுதியவர் கைப்பட எழுதிய மூலநிரலிலிருந்தே கட்டியெடுக்கும் பொறுப்பு அவளுடையது. யாரோ கட்டிவைத்ததை அப்படியே வாங்கிப் போட அவளுக்கு மனசு வராது.

அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கம்பைலர் வந்து வாய்த்தது. மனிதர் ஒரு கணினிமொழியில் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியவைக்கிற நிரல் அது. அதையும் அதே மொழியில் எழுதித் தொலைத்திருந்தார்கள். ஆக, அதைக் கட்ட அதுவே வேண்டும். பழைய பதிப்பு இருந்தால் போதும் என்றார்கள். பழையதைக் கட்ட அதற்கும் பழையது வேண்டியிருந்தது. கடைசியில், எழுதியவருக்கே மடல் போட்டாள். முதல் பதிப்பை எதை வைத்துக் கட்டினோம் என்பது மறந்துவிட்டது, இப்போது தேனீ வளர்க்கிறேன் என்று பதில் வந்தது.

"எல்லாம் மூலத்தாலதான். உட்காரவே முடியல," என்று அவள் போனில் புலம்பியது மாமியார் காதில் விழுந்தது. மறுநாள் அவள் நாற்காலியில் மெத்தென்று ஒரு திண்டு. சாப்பாட்டில் காரம் போன இடம் தெரியவில்லை. காரணம் தெரியாத கணவனும் அதையே விழுங்கினான். வார இறுதியில், நர்ஸாக இருக்கும் நாத்தனார் களிம்போடு வந்து கதவைச் சாத்தினாள்.

"வெட்கப்படாதீங்க அண்ணி, நிறைய பேருக்கு இருக்கு."

விஷயம் புரிந்ததும் மருமகள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தான் புலம்பியது மூலநிரலைப் பற்றி என்று விளக்கியும் மாமியார் மட்டும் நம்பவில்லை. திண்டை எடுக்க விடவில்லை.

திண்டில் சாய்ந்தபடியே வழியும் பிடிபட்டது. வேறொரு மொழியில் ஒரு குட்டிக் கம்பைலரை அவளே எழுதினாள். மகா மந்தம், கணக்கில் தசமப் புள்ளி வந்தால் வாயடைத்துப் போகும். ஆனாலும் ஆகப் பழைய பதிப்பை மட்டும் எப்படியோ மென்று விழுங்கிக் கட்டிக்கொடுத்தது. அதை வைத்து அடுத்தது, அதை வைத்து அதற்கடுத்தது. மாதக்கணக்கில் தட்டுத்தடுமாறி, ஒரு விடுமுறை மத்தியானம் புதிய பதிப்பு வந்து சேர்ந்தது. எல்லோரும் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதோடு ஒப்பிட்டாள். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

பூரித்துப்போய்க் கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணுதானே? முதல்லயே இறக்கியிருக்கலாமே?"

"அப்ப யாரோ கட்டினதை நம்பணும்ங்க. இப்ப தெரியும்."

அவனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இரவுச் சமையல் தன் பொறுப்பு என்று அடுப்படிக்குப் போனான். அவள் நண்பர்களுக்குச் சேதி சொல்ல உட்கார்ந்தாள்.