கண்ணாடியை மங்க வைத்த என் மனோசக்தி

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி ரயில் அடுக்குமாடி புளோக்குகளை ஒட்டிப் போகும்போது ஜன்னல் கண்ணாடி தானாக மங்கிவிடும். வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதாம்.

சின்ன வயதில் தங்கையிடம் அது என் மனோசக்தி என்று சொல்லி வைத்திருந்தேன். நான் முறைப்பேன், கண்ணாடி மங்கும், அவள் வாயைப் பிளப்பாள். அது ஒரு பொற்காலம்.

இன்று அதே ரயில், அதே முறைப்பு. கண்ணாடி மங்கியது.

அவள் போனிலிருந்து நிமிரவே இல்லை. "கரண்ட்ட ஆஃப் பண்ணா மங்கும்ணே. ஃபிசிக்ஸ் லா."

ராஜ்ஜியம் போய்விட்டது என்று உட்கார்ந்திருந்தேன். எதிரே தன் அம்மா மடியிலிருந்த ஒரு பொடியன் என்னையே பார்த்தான்.

"அங்கிள், இன்னொரு தடவ செய்றீங்களா?"

அங்கிளா? பரவாயில்லை.

தங்கை போனை அணைத்துவிட்டு என் காதில் சொன்னாள்: "அடுத்த புளோக் வருது. ரெடியா இரு."

பொடியன் ஃபிசிக்ஸ் படிக்கப் பல வருஷம் இருக்கிறது. அதுவரை இங்கே யாரும் வாயைத் திறக்காதீர்கள்.