எண்ணூர்க் கூடாரமும் மாலதிக்கு ஒரு பாட்டும்

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்கால். எண்ணூர் ரயில் நிலையத்தில் நானும் மனைவி மாலதியும் மகள் நிலாவும் இறங்கியபோதே எனக்குக் குழப்பம் தொடங்கிவிட்டது. சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு முப்பது கிலோமீட்டர். அதை விட்டு, கூடாரம் போட்டு விடுமுறை கழிக்க முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் தாண்டிப் புகைபோக்கிகளுக்கு நடுவே எதற்கு? மாலதிதான் பிடிவாதம் பிடித்தாள். அவள் தம்பி செந்தில் பத்து வருடம் இங்கே கன்டெய்னர் லாரி ஓட்டினான். "ஒரு தடவை வாக்கா, கடலும் கானாவும் காட்டுறேன்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தவன், போன மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டான். அன்றிலிருந்து மாலதி அழவும் இல்லை, அவன் பெயரைச் சொல்லவும் இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். "டென்ட்லயா தங்கப்போறீங்கோ? ஊர்ல வூடு இல்லியா சார்?" என்று ஓட்டுநர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

பதினொரு மணிக்குக் கடற்கரை. முகாம் நடத்துபவர் ஆல்பர்ட், காசிமேட்டு விசைப்படகில் வேலை செய்பவர். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் நிற்பதால், வலைகளுக்கு நடுவே மூன்று கூடாரம் போட்டிருக்கிறார். ஒரு நாளுக்கு ஆயிரத்து இருநூறு, மீன்குழம்புச் சோறு உட்பட. எங்கள் கூடாரக் கயிறு தளர்ந்திருந்தது; அதற்கு நான் அடித்த முளை மணலில் நிற்கவே இல்லை. ஆல்பர்ட் சிரித்துவிட்டுக் கயிற்றை ஒரு பழைய நங்கூரத்தில் கட்டினார்.

மாலை ஐந்தரைக்கு டோலக் வந்தது. ஆல்பர்ட் சினிமாப் பாட்டுகளாகப் பாட, அவர் மனைவி மேரி நிலாவுக்குக் குத்தாட்டம் கற்றுக்கொடுத்தார். மாலதி மட்டும் கூடார வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்படியாவது அவளை எழுப்பிவிட வேண்டும் என்று நான் ஆல்பர்ட்டிடம் போனேன்.

"சினிமாப் பாட்டு போதும்ணே. உங்களுக்குள்ள பாடுற நிஜக் கானா பாடுங்க."

அவர் டோலக்கை நிறுத்தினார். "நெஜமாவா? யாரு பேர்ல சார்?"

கோயில் அர்ச்சனை போல என்று நினைத்தேன். "மாலதி. என் சம்சாரம்."

அவர் என் தோளைத் தொட்டார். "எவ்ளோ வருஷம் ஆச்சு?"

"வர்ற ஆவணிக்குப் பதினாறு" என்றேன் பெருமையாக.

தாளம் மெதுவாகியது. "மாலதி எங்க போன, மல்லிப்பூ வாடும் முன்ன" என்று அவர் இழுத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, காரணம்தான் புரியவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்து கண்ணைத் துடைத்தார்கள். ஒருத்தி நிலாவை அணைத்து, "தாயில்லாப் புள்ள" என்றாள். நிலா திருதிருவென்று விழித்தாள்.

மாலதி விறுவிறுவென்று வந்தாள். "நான் எங்கேயும் போகலையே!"

ஆல்பர்ட் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, நீதானா அக்கா அது? சாரோட தங்கச்சின்னு நெனச்சேன். நெஜக் கானான்னா இங்க சாவுக்குப் பாடறது. பேரு கேட்டா, போனவங்க பேரத்தான் குடுப்பாங்கோ."

எனக்கு மானம் போனது. மாலதி திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிறகு டோலக்குக்கு எதிரே மணலில் உட்கார்ந்தாள்.

"என் பேரை எடுத்துடுங்க. செந்தில்னு வெச்சுப் பாடுங்க. என் தம்பி."

"செந்திலு இன்னா துன்னுவான்? யார வம்புக்கு இழுப்பான்? சொல்லுக்கா, அப்பத்தான் பாட்டு கட்டலாம்."

பரோட்டா, லாரி கண்ணாடியில் ஒட்டியிருந்த நிலாவின் படம், எனக்கு அவன் வைத்த பட்டப்பெயர் என்று அவள் சொல்லச் சொல்ல, கண்ணீர் கொட்டியது. எல்லாம் பாட்டில் ஏறியது. தாளம் வேகம் பிடித்தது. இங்கே போனவர்களை ஆடித்தான் அனுப்புகிறார்கள். மேரி கை நீட்ட, மாலதி எழுந்து ஆடினாள். அழுதுகொண்டே ஆடுபவளைப் பார்த்து நான் சந்தோஷப்படுவதா, தண்ணீர் கொண்டுவருவதா என்று தெரியாமல் செம்போடு நின்றேன்.

ஞாயிறு மதியம் சென்ட்ரலில் சேலம் வண்டி ஏறினோம். எங்கள் வீட்டில் அவன் படத்தைக்கூடப் பீரோவுக்குள் வைத்திருக்கிறோம், மாலதி தாங்கமாட்டாள் என்று. அவனுக்கு என்ன பிடிக்கும் என்று எங்களில் ஒருவரும் அவளைக் கேட்டதில்லை.

"மாமா அப்பாவுக்கு வெச்ச பேரை இன்னொரு தடவை சொல்லும்மா" என்றாள் நிலா.

மாலதி அதில் தொடங்கினாள். ஜோலார்பேட்டை தாண்டியும் தம்பி கதை முடியவில்லை.