சுத்தியலோடு கதவைத் திறந்தேன்

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் டேனிஷ்காரர் தன் கரவன் வண்டியை, சில்லு வைத்த சின்ன வீடு மாதிரி, விடுமுறைக்காக எங்களுக்கு ஒரு கிழமைக்குத் தந்திருக்கிறார். வயல்களுக்கு நடுவே, கடலுக்குப் பக்கத்தில், வேறு சில கரவன்களோடு நிற்கிறது. காற்றைத் தவிர வேறு சத்தமே இல்லை.

இன்று காலை வெளியே ஆட்களின் சத்தம் கேட்டது. ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். ஒரு கூட்டம் கையில் தேசியக் கொடிகளோடு, பாடிக்கொண்டே எங்களை நோக்கி வந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் கொழும்பில் தமிழர் வீடுகளைக் கொளுத்திக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்த கூட்டமும் காலையில்தான் வந்தது.

"கதவைத் திறவாதேங்கோ" என்றாள் மனைவி சாந்தி.

கூடாரத்துக்கு முளை அடிக்கிற சுத்தியல் மூலையில் கிடந்தது. கதவு தட்டப்பட்டதும் அதை ஓங்கியபடி திறந்தேன்.

பக்கத்துக் கரவன் அம்மா காகிதத் தொப்பியோடு நின்றிருந்தார். இன்று அவருக்குப் பிறந்தநாள். இங்கே பிறந்தநாளுக்குக் கொடி பிடிப்பார்களாம். காலைச் சாப்பாட்டுக்கு எங்களைக் கூப்பிட வந்தவர், என்னைக் கண்டதும் பின்வாங்கினார். பாட்டு நின்றுவிட்டது.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு டேனிஷ் சொல்லும் வரவில்லை.

"உந்தச் சுத்தியலை முதல்ல கீழ வையுங்கோ" என்று சாந்தி மெதுவாகச் சொல்லிவிட்டு, இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தாள்.

பிறகு அந்த அம்மா என்னைத் தன் பக்கத்திலேயே இருத்திப் பாணும் கோப்பியும் தந்தார். ஏன் சுத்தியலை ஓங்கினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாளைக் காலை அவர்கள் எல்லாரையும் சாந்தி ரொட்டி சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள். வந்து தட்டுவார்கள். எந்த முகத்தோடு திறப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.